பழைய நம்பருக்குப் போன செய்திகள்

சாயங்கால டீக்கு மணி அடித்து, தையல் மெஷின்களின் இரைச்சல் அப்போதுதான் அடங்கியிருந்தது. மாடியில் இருந்த கணினி அறையில் ரைசா வடையைப் பிட்டு வாயில் போட்ட நேரம், கதவைத் தட்டாமலே உள்ளே வந்து நின்றான் மோகன்ராஜ். கம்பெனிக்கு ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். பாதிப் பேர் சொல்லாமல் லீவு போட்டாலும் அலட்டிக்கொள்ளாத ஆள். அன்றைக்கு அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“ரைசாக்கா, கொஞ்சம் கீழ வாங்க. நம்ம கம்பெனி கொழந்தைங்க காப்பகத்துல ஒரு கொழந்தையக் காணோமுங்க.”

“காணோம்னா? பாத்ரூம் பக்கம் பார்த்தீங்களா?”

“அப்படிக் காணாம போகலீங்க. யாரோ ஒரு ஆளு வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க. ஓடிபி சொல்லித்தான் கூட்டிட்டுப் போயிருக்காரு.”

ரைசா மீதி வடையைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள். குழந்தையைக் காணோம் என்றபோதுகூட இவ்வளவு பதறாதவளுக்கு, ஓடிபி என்ற சொல்லைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த ஓடிபி ஏற்பாடே அவள் செய்தது. பெற்ற தாய் வந்தால் கம்பெனி அட்டையைக் காட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போகலாம். வேறு யார் வந்தாலும் ஆயா ஒரு பட்டனை அமுக்குவாள். தாயின் போனுக்கு ஓர் எண் போகும். தாய் அதை வந்தவரிடம் சொல்லியனுப்பினால்தான் கதவு திறக்கும். பனியன் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு ஆகா ஓகோ என்று புகழ்ந்ததில், ரைசா ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தாள். ஆட்களின் விவரங்களை எல்லாம் அடுக்கி வைத்த தன் டேட்டாபேஸ் மேல் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, தாராளமாகவே உண்டு.

கீழே, யானையும் முயலும் வரைந்த சுவருக்குப் பக்கத்தில், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் சித்ரகலா உட்கார்ந்திருந்தாள். செக்கிங் பிரிவில் துணியில் ஓட்டை, கறை பார்க்கிறவள். காணாமல் போனது அவளுடைய மூன்று வயது மகள் தன்ஷிகா. சித்ரகலா அழவில்லை. அலறவில்லை. பிள்ளையின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பார்க்கவே பயமாக இருந்தது.

மேனேஜர் ஹிதாயத்துல்லா, ஆயா கருத்தம்மாவைப் பிடித்து உலுக்காத குறைதான்.

“யாரு எவருன்னு கேக்க மாட்டியா கருத்தம்மா? கேட்டவங்களுக்கெல்லாம் தூக்கிக் குடுத்துருவியா?”

“கேட்டனுங்க சார். கொழந்தையோட அப்பன்னு சொன்னாருங்க. புள்ளையும் அப்பான்னு ஓடி மேல ஏறிக்கிச்சு. அப்பவும் நா உடலீங்க. பட்டன அமுக்குனேன். அவரு போனப் பாத்து நம்பரச் சொன்னாரு. கம்ப்யூட்டரு பச்சக் கலரு காட்டுச்சுங்க.” கருத்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “பச்ச காட்டுனா அனுப்பிரலாம்னு தானுங்க சொல்லிக் குடுத்தீங்க?”

அப்பன் என்றால் சித்ரகலாவின் புருஷன் கந்தவேல். கந்தவேலின் கதை கம்பெனிக்கே தெரியும். குடித்துவிட்டு வந்து, சூடாக இருந்த அயர்ன் பாக்ஸைச் சித்ரகலாவின் முன்னங்கையில் வைத்தவன் அவன். அந்தத் தழும்பை மறைக்கத்தான் அவள் சித்திரை வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட் போடுகிறாள். ‘புள்ளையக் கொண்டுபோயிருவேன், நீ சாகற வரைக்கும் கண்ணுல காட்ட மாட்டேன்’ என்று அவன் மிரட்டிய மறுநாளே அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள். ஹிதாயத்துல்லாதான் அவளை மங்கலம் ரோடு யூனிட்டிலிருந்து சத்தமில்லாமல் இந்த ஊத்துக்குளி ரோடு யூனிட்டுக்கு மாற்றினார். அன்றைக்கே கந்தவேல் பழைய யூனிட் வாசலில் வந்து கத்தியபோது, அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று வாட்ச்மேன் மருதாசலம் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். மனிதர்கள் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ரைசா குட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“சித்ராக்கா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். அதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“எனக்கு ஒண்ணும் வரலீங்க மேடம்.”

“வராம இருக்காதுங்கக்கா. நல்லா யோசிச்சுப் பாருங்க. யாராவது போன் பண்ணிக் கேட்டாங்களா?”

சித்ரகலா இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்து நீட்டினாள். ரைசா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ரீசார்ஜ் விளம்பரங்களைத் தவிர வேறொன்றும் இல்லை.

“அழிச்சிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டாள்.

பிள்ளையைப் பறிகொடுத்து உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது! ஆனால் அந்த நிமிஷம்வரை ரைசாவின் மனதில் இருந்தது ஒரே எண்ணம்தான்: தப்பு மனிதர்கள்மேல் இருக்க வேண்டும், தன்மேல் இருக்க முடியாது.

“எந்த நம்பருக்குப் போச்சுன்னு மொதல்ல போய்ப் பாரும்மா,” என்றார் ஹிதாயத்துல்லா.

ரைசா படியேறி வந்து கணினியைத் தட்டினாள். பின்னாலேயே சித்ரகலாவும் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது. திரையில் அன்றைய ஓடிபி வரிசை வந்தது. தன்ஷிகா என்ற பெயருக்கு நேராக ஒரு போன் நம்பர். ரைசாவின் கையில் இன்னும் இருந்த சித்ரகலாவின் பட்டன் போனுடைய நம்பர் அது இல்லை. ரைசா வாய்விட்டு அந்த நம்பரைப் படித்தாள்.

“அது அவரு நம்பருங்க,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ரைசா அந்த நம்பரை இன்னொரு தரம் பார்த்தாள். இது எப்படி? நம்பர் மாறிவிட்டது என்று சித்ரகலா சொல்லி, மோகன்ராஜ் தன் கையால் மாற்றினானே? சம்பளச் செய்தி புது நம்பருக்குத்தானே போகிறது? வருகைப் பதிவும் புது நம்பரில்தானே ஏறுகிறது? டேட்டாபேஸில் இருந்த பட்டியல்களை, ஒவ்வொரு டேபிளாக, அவள் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். திறக்கத் திறக்க, தான் செய்து வைத்திருந்த காரியம் அவளுக்கு விளங்கியது.

டேட்டாபேஸ் கட்டுகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் எது என்பது. பிரைமரி கீ என்பார்கள். மற்ற டேபிள்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கும். அது ஆயுசுக்கும் மாறாததாக இருக்க வேண்டும். அதனால் ஒருவருக்கு ஓர் அர்த்தமில்லாத எண்ணைக் கொடுத்துவிட்டு, பெயர், போன், முகவரி எல்லாவற்றையும் அதற்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வதுதான் நல்லது. கல்லூரியில் ரைசா இதைப் படித்துப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியவள். வேலைக்கு வந்த இடத்தில் மறந்துபோனாள். திருப்பூரில் பெயரை நம்ப முடியாது. ஒரே தையல் லைனில் மூன்று வெள்ளியங்கிரி இருப்பார்கள். வேலையாளுக்குக் கொடுக்கும் டோக்கன் நம்பரையும் நம்ப முடியாது. காண்டிராக்ட்காரர் மாறினால் டோக்கனும் மாறும். இன்றைக்கு இங்கே தைப்பவர் அடுத்த வாரம் பக்கத்துக் கம்பெனியில் தைப்பார், தீபாவளி கழிந்து திரும்பி வருவார். ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கையில் இருப்பது போன் நம்பர் ஒன்றுதான். “நம்பர்தாம்மா ஆளு,” என்று ஹிதாயத்துல்லா சொன்னார். சரிதானே என்று ரைசாவும் போன் நம்பரையே அடையாளமாக வைத்துவிட்டாள்.

கல்யாணமான பெண்களில் முக்கால்வாசிப் பேர் எழுதிக் கொடுக்கும் நம்பர் அவர்கள் கையில் இருக்கும் போனுடையது அல்ல, புருஷன் சட்டைப்பையில் இருக்கும் போனுடையது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவளுடைய அம்மா முனவர் பேகத்தின் ரேஷன் கார்டு முதல் கேஸ் புக்கிங் வரை எல்லாவற்றிலும் வாப்பாவின் நம்பர்தான். தெரிந்தும் அவள் யோசிக்கவில்லை.

அடையாளமாக வைத்த நம்பரை மாற்றப் போனால் டேட்டாபேஸ் ஒத்துக்கொள்ளாது. இதைப் பிடித்துக்கொண்டு வேறு பதிவுகள் தொங்குகின்றன, மாற்றக் கூடாது என்று சிவப்பில் எச்சரிக்கும். ஆரம்பத்தில் அப்படித்தான் எச்சரித்தது. மோகன்ராஜ் தினமும் வந்து புலம்பினான். அந்தத் தொல்லை தாங்காமல் ரைசா ஒரு குறுக்குவழி எழுதிக் கொடுத்தாள். நம்பர் மாற்றினால், புது நம்பரில் புதிதாக ஒரு பதிவு முளைக்கும். சம்பளமும் வருகையும் அதற்கு நகரும். பழைய பதிவு எதற்கும் இருக்கட்டும் என்று அப்படியே கிடக்கும். அப்போது காப்பகத்தின் டேபிள் சின்னது, அவள் நினைவிலேயே இல்லை; அது மட்டும் நகராமல் பழைய பதிவிலேயே தொங்கியது. ஆக, கம்பெனியின் கணக்கில் சித்ரகலாக்கள் இரண்டு பேர். உழைத்துச் சம்பளம் வாங்குகிறவள் ஒருத்தி. கந்தவேலின் போனில் குடியிருக்கும் பழைய சித்ரகலா இன்னொருத்தி. தன்ஷிகா அந்தப் பழையவளின் மகளாகவே இருந்துவிட்டாள்.

சிவப்பு எச்சரிக்கை அவளைத் தடுக்கத்தான் பார்த்தது. அவள்தான் அதன் வாயைக் கட்டினாள்.

இதோடு போயிருந்தால்கூட அவள் எப்படியோ தாங்கியிருப்பாள். ஆனால் ஏதோ உறுத்த, காப்பகத்திலிருந்து போகும் செய்திகளின் பதிவைத் திறந்தாள். காலையில் பிள்ளை வந்து சேர்ந்ததும் பெற்றவருக்குத் தானாக ஒரு குறுஞ்செய்தி போகும். இதுவும் அவள் செய்த ஏற்பாடுதான். திரையில் அவை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின.

‘தங்கள் குழந்தை தன்ஷிகா, ஊத்துக்குளி ரோடு யூனிட் காப்பகத்துக்கு நலமாக வந்து சேர்ந்தாள்.’

நேற்று போயிருக்கிறது. முந்தாநாள் போயிருக்கிறது. அவள் மவுஸின் சக்கரத்தை உருட்ட உருட்ட, அதே வரி, அதே நம்பர். பொங்கலுக்கு முன்பிருந்து, வேலை நாள் ஒவ்வொன்றிலும் போயிருக்கிறது. அத்தனை மனிதர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிய ரகசியத்தை, இந்த மெஷின் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கந்தவேலிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. யூனிட் பெயரோடு. நலமாக என்ற மரியாதையோடு.

“யா அல்லாஹ்,” என்றாள் ரைசா.

“என்னுங்க மேடம் அது?” என்று கேட்டாள் சித்ரகலா.

பொய் சொல்லலாம் என்று ரைசாவுக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. சொல்ல முடியவில்லை. எழுந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னாள். பாதியிலேயே மேல்மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஹிதாயத்துல்லா, கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ரைசா முடித்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சித்ரகலா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெனமுங்களா?” என்று கேட்டாள்.

“தினமும்.”

“லீவு போட்ட அன்னிக்கு?”

“அன்னிக்குப் போயிருக்காதுங்கக்கா.”

“அப்ப புள்ளைக்குக் காச்சல் வந்தது கூட அவருக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றாள் சித்ரகலா. யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் ரைசாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கிளம்புவதற்கு முன் ரைசா காப்பகத்துச் செய்திகளை மொத்தமாக நிறுத்தினாள். கையோடு, இப்படிப் பழைய பதிவில் தொங்கும் பிள்ளைகள் வேறு யாராவது உண்டா என்று ஒரு வரி எழுதிக் கேட்டாள். ஒருவரும் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் பட்டனைத் தட்டினாள். பெயர்கள் திரை நிறைய வந்து, கீழேயும் போயின. மோகன்ராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் நம்ம புள்ளைகளாங்க?” என்றான். ஆயாக்கள் அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும், பெற்றவளைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையை விடக் கூடாது, கம்ப்யூட்டர் என்ன கலர் காட்டினாலும் சரி என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கந்தவேலின் அக்கா உடுமலைக்கு அந்தப் பக்கம் கொமரலிங்கத்தில் இருக்கிறாள், வேறு போக்கிடம் அவனுக்கு இல்லை என்றாள் சித்ரகலா. ஹிதாயத்துல்லா போலீஸுக்குச் சொல்லிவிட்டுத் தன் காரையே எடுத்தார். ரைசாவும் சித்ரகலாவும் ஏறிக்கொண்டார்கள். பல்லடம் தாண்டும்போது சித்ரகலா ஒருதரம் வாய் திறந்து, “புள்ளைக்கு பஸ்ஸுல வாந்தி வருமுங்க,” என்றாள். ரைசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவளுக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

உடுமலையைத் தாண்டியதும் போலீஸிடமிருந்து போன் வந்தது. பிள்ளை கிடைத்துவிட்டது, அக்கா வீட்டில்தான் இருந்தது, ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருக்கிறோம் என்றார்கள். ஹிதாயத்துல்லா காரை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு விசும்பினார். சித்ரகலா அப்போதும் அழவில்லை. “வண்டிய எடுங்க சார்,” என்றாள்.

ஸ்டேஷனில் தன்ஷிகா பெஞ்சின்மேல் உட்கார்ந்து ஒரு பெண் போலீஸின் தொப்பியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டதும் தொப்பியோடு ஓடி வந்தாள். பிள்ளையைத் தூக்கியதும்தான் சித்ரகலாவுக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் நிற்கவே இல்லை. போலீஸ்காரப் பெண் அவளைச் சுவரோரம் உட்கார வைத்தார்.

கந்தவேல் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தலை வாரி, ரொம்பப் பதவிசாக நின்றிருந்தான். ரைசா எதிர்பார்த்தது ஒரு முரடனை. இவனோ சார் சார் என்று பணிவாகப் பேசினான்.

“நா என்னுங்க சார் திருடனா? பெத்த புள்ளைய ரெண்டு நாளு வெச்சுப் பாக்கோணும்னு கூட்டியாந்தேன். கம்பெனிக்காரங்களே குடுத்து அனுப்புனாங்க. பாருங்க.” போனை எடுத்துச் சப்-இன்ஸ்பெக்டரின் மேஜைமேல் வைத்தான். “தெனம் காலைல எனக்குத்தான் சொல்லுவாங்க. தங்கள் குழந்தைன்னு போட்டிருக்குது. எங்கொழந்தைன்னு கம்பெனியே ஒத்துக்கிச்சுங்களே?”

சப்-இன்ஸ்பெக்டர் செய்திகளை விரலால் தள்ளிப் படித்தார். பிறகு நிமிர்ந்து ஹிதாயத்துல்லாவைப் பார்த்தார். “இது உங்க கம்பெனி அனுப்பினதுதானுங்களா?”

ஹிதாயத்துல்லா ரைசாவைப் பார்த்தார்.

“ஆமாங்க,” என்றாள் ரைசா. தான் கட்டியது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வதை, அதுவும் இவன் பக்கம் நின்று சொல்வதை, நின்று பார்க்கும்படி ஆகிவிட்டதே! “ஆமாங்க, ஆனா அது தப்பாப் போன மெசேஜ். அது என் தப்பு. இவருக்குப் போகவே கூடாதுங்க.”

“தப்பா ஒரு நாளு போகும். மாசக்கணக்குலயா போகும்?” என்றான் கந்தவேல். முதல்முறையாகச் சிரித்தான்.

சித்ரகலா எழுந்து வந்து, ஜாக்கெட்டின் கையை மேலே சுருட்டி, தழும்பை மேஜைமேல் நீட்டினாள். பேச்சு அதோடு நின்றது. பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று கந்தவேலிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். போகும்போது அவன் மறக்காமல் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த சில நாட்கள் ரைசா கணினி அறையிலேயே கிடந்தாள். கம்பெனியில் உள்ள ஒவ்வொருவருக்கும் அர்த்தமில்லாத ஓர் எண்ணைக் கொடுத்தாள். போன் நம்பரை வெறும் போன் நம்பராக்கி ஓரத்தில் உட்கார வைத்தாள். அதற்கும் தனியாக ஒரு டேபிள். அந்த போன் யாருடையது, எந்தத் தேதிவரை செல்லும், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கெல்லாம் தனித்தனி இடம். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தாய்மாரிடமே கேட்டுப் புதியவற்றோடு சேர்த்தாள். ஒருத்தியின் பழைய நம்பர் கைமாறி, ராஜபாளையத்தில் யாரோ ஒரு பெரியவருக்குப் போயிருந்தது. தினமும் ஒரு குழந்தை நலமாக வந்து சேர்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாராம் மனுஷன். மோகன்ராஜ் இதைச் சொல்லிச் சிரித்தான். ரைசாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குறுக்குவழியை அழித்தாள். சிவப்பு எச்சரிக்கை மறுபடி வந்தது. வரட்டும் என்று விட்டாள்.

வேலை முடிந்த அன்று மதியம் சித்ரகலா தன்ஷிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள். தோளில் ஒரு பை. வாசலிலேயே நின்றாள்.

“வாங்கக்கா, நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன்.” ரைசா திரையைத் திருப்பிக் காட்டினாள். “எல்லாம் சரி பண்ணிட்டேன். உங்க பழைய பதிவையே எடுத்தாச்சு. இனி இப்படி நடக்கவே நடக்காது.”

சித்ரகலா திரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“அவரு போன்ல இருக்கறதையும் எடுத்துட்டீங்களா மேடம்?”

“இல்லீங்கக்கா. போனது போனதுதான். அதை இங்கிருந்து அழிக்க முடியாது.”

“அப்பச் சரிங்க,” என்றாள் சித்ரகலா. “இந்த யூனிட்டு, இந்த ரோடு, எல்லாமே அதுல இருக்குதுங்க. நா வேலைய உட்டுக் கணக்க முடிச்சுட்டேன். மேனேஜர் சார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேனுங்க.”

இத்தனை பேர் சேர்ந்து அவளுக்கு அமைத்துக் கொடுத்த இடம் இது. ஏதாவது செய்து கொடுத்தாக வேண்டும் என்று அவள் மனம் பரபரத்தது. தெரிந்த கம்பெனிகள் இருக்கின்றன, போன் போட்டுச் சொல்லலாம், பிள்ளைக்கு நல்ல காப்பகமாகப் பார்க்கலாம். தன்னையறியாமல் கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“எந்த ஊருக்குப் போறீங்கக்கா?”

சித்ரகலா சொல்ல வாயெடுத்தாள். கீபோர்டின் மேல் இருந்த ரைசாவின் விரல்கள் கண்ணில் பட்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

“அது உங்களுக்கு வேண்டாங்க மேடம்,” என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.